செத்த தலைவர் குதிரையில் வந்தார்

எனக்கு இந்தி தெரியாது. இதை ஊரில் அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால், ஒரு மலைக் கூட்டத்தின் தலைவரை நான் கொல்ல வேண்டி வந்திருக்காது. பிடுங்கிய கிழங்கைக் காட்டில் குவித்துவிட்டு வால் மிதிபட்ட நாய் மாதிரி ஓடிக்கொண்டிருந்திருக்கவும் மாட்டேன்.

ஆனால் சொல்ல முடியவில்லை. ஊரில் இந்தி தெரிந்த ஒரே ஆள் என்ற பெயர் எனக்கு இருந்தது. வேறு எந்தப் பெயரும் எடுக்காதவனுக்கு இப்படி ஒன்று ஓசியில் கிடைத்தால் விட்டுக்கொடுக்க மனம் வருமா?

பெயர் வந்தது ரிக் வண்டியால். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் போர்க் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகள் வெயில் காலம் வந்தால் வடக்கே கிளம்பிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் ஒரு வருஷம் ஏறிப் போய் மத்தியப் பிரதேசத்தில் ஒரு கோடை முழுக்கத் துளை போடும் இரும்பு ராடு மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது என் கையில் இருந்த இந்தி இவ்வளவுதான்: பானி என்றால் தண்ணீர், பத்தர் என்றால் கல், ரொட்டி என்றால் ரொட்டி, ஜல்தி என்றால் சீக்கிரம், பஸ் என்றால் போதும். ரிக்கில் இதற்கு மேல் மொழி தேவைப்படாது. தண்ணீர் வந்தால் மாலை போடுவார்கள். வராவிட்டால் அவர்கள் பேசுவது எந்த மொழியில் இருந்தாலும் புரியும்.

ஊர் டீக்கடைக்குக் கம்பளி விற்க ஒரு வடநாட்டுக்காரர் வந்தபோது, நான் எல்லோர் முன்னாலும் "பானி?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். அன்றோடு என் இந்தி ஊர் ஒப்புக்கொண்ட இந்தியாகிவிட்டது.

எண்பதுகளின் பின்பாதியில் டவர் வந்து, எங்கள் பக்கத்திலும் டிவி தெரிய ஆரம்பித்தது. எங்கள் வளவில், அதாவது சொந்தக்காரர் வீடுகள் சேர்ந்திருக்கிற இடத்தில், முதல் டிவி என்னுடையதுதான். சேலத்தில் வாங்கி, செவ்வாய்ப்பேட்டையில் மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்த வேனில், புளி மூட்டைக்கும் பெருங்காயப் பெட்டிக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு வாரத்துக்குச் செய்தி வாசிக்கிறவர் மேல் பெருங்காய வாசம் அடித்தது. ரிக்கில் தேய்ந்து கழித்துப்போட்ட ஒரு ராடை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா கட்டினேன். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும். படம் பார்க்கிற நேரத்தில் பாதி நேரம் நான் வெளியே ராடைத் திருகிக்கொண்டும், உள்ளே இருப்பவர்கள் "தெரியுது, தெரியுது, அட போச்சுங்க" என்று கத்திக்கொண்டும் இருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நாடகம் வரும். இந்தி நாடகம். ஆட்டு ரோமப் போர்வை போர்த்திய ஒரு கூட்டம், வெளியாள் யாரும் ஏறி வராத மலை உச்சியில் குடியிருக்கும். கீழேயிருந்து கோட்டுப் போட்டவர்கள் குதிரையில் வந்து அந்த நிலத்தைக் கேட்பார்கள். வெள்ளைத் தாடி வைத்த தலைவர் ஒரு பாறை மேல் ஏறி நின்று முடியாது என்பார். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரியும். அதில் நாலு தடவைகூட ஏறாத எங்களுக்கு, டிவியில் தெரிந்த மலை மேல் அப்படி ஒரு பாசம். நிலத்தைக் கேட்கிறான், தர மாட்டேன் என்கிறான்: எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் கதை எதற்கு?

ஆனாலும் வசனம் புரிய வேண்டுமே. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

பார்க்க வருகிறவர்களில் முக்கியமானவர் அண்ணன். பெரியப்பாவின் மகன். அடுத்த தோட்டம் அவருடையது. வரும்போதே மடக்கு நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து டிவிக்கு நேர் எதிரே போட்டு உட்காருவார். கூடவே நங்கை வரும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நங்கை கீழே என் மனைவியோடு உட்கார்ந்துகொண்டு, மலைக்காரப் பெண்களின் மூக்குத்தி பற்றிப் பேசும்.

எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஒரு தடம் இருந்தது. தடம் என்றால் வண்டி போகிற பாதை. எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது, என் காடு, அதாவது என் பங்கு விளைநிலம், பின்னால் போய்விட்டது. ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் பாறைக் கரடு. வண்டி உள்ளே போக வேண்டுமானால் அண்ணனின் தோட்டத்து ஓரமாகத்தான் போக வேண்டும். போய்க்கொள்ளலாம் என்று அவர்கள் இருவரும் வாயால் பேசிக்கொண்டதோடு சரி. பத்திரத்தில் தடம் இல்லை.

போன வருஷம் என் காட்டுக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிப் போன லாரி, அண்ணன் புதிதாகப் பதித்திருந்த சிமென்டுக் குழாய் மேல் ஏறிவிட்டது. குழாய் தூளாகிப் போனது. அண்ணன் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"கொழாய்தானுங்கண்ணா ஒடைஞ்சுது, உங்க மனசு ஒடையலீங்கல்ல?" என்றேன்.

லாரி டிரைவர் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை.

"செரீங்க தம்பி," என்றார்.

எங்களில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். பிறந்ததிலிருந்து என்னை "டேய்" என்றே கூப்பிட்ட மனிதர் "தம்பி" என்று சொல்லி, அதில் ஒரு 'ங்க'வையும் சேர்த்தபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாடகத்தில் ஒரு வாரம், கோட்டுக்காரர்களின் குதிரைகள் ஏறி வராதபடி மலைக்காரர்கள் கணவாயில் பாறைகளை உருட்டிவிட்டார்கள். என்ன சத்தம், என்ன புழுதி! அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "உருட்டு, அப்படி உருட்டு!" என்றார்.

மறுநாள் காலையில் நான் காட்டுக்குப் போனால், தடத்தின் குறுக்கே மூன்று குண்டுக்கற்கள். நடந்து போகலாம். மாடு போகலாம். வண்டி போகாது.

என் மனைவிக்கு நங்கை சொல்லி, மனைவி எனக்குச் சொன்ன சேதி இது: "ஒண்ணும் பெருசா இல்லீங்களாம். 'ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டா நானென்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்'னு உங்கண்ணன் சொன்னாருங்களாம். போயிக் கேட்டுட்டு வாங்க."

"எங்கப்பன் காலத்துத் தடம். அதுக்கு நான் எதுக்குக் கேக்கோணும்?" என்றேன்.

"அப்ப கெழங்கத் தலையில சொமந்துட்டு வாங்க," என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இதில் விசேஷம் என்னவென்றால், கல்லை உருட்டிய அண்ணன் அடுத்த ஞாயிறும் நாற்காலியோடு வந்தார். காட்டுச் சண்டையை வீட்டுக்குள் கொண்டுவருவது எங்களில் வழக்கமில்லை. என் மனைவி காப்பி கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். தடத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருவரும் மலைக்காரர்கள் பக்கம். அவர் தன்னை நிலத்தைக் காக்கிற தலைவர் என்று நினைத்துக்கொண்டு பார்த்தார். வழியடைபட்டு உள்ளே கிடக்கிற கூட்டம் நான்தான் என்று நினைத்துக்கொண்டு நான் பார்த்தேன். ஒரே தாடிக்காரருக்காக இருவரும் "சபாஷ்" போட்டோம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கேட்காமலே தடம் வாங்க ஒரு வழி இருக்கிறது. நாடகம் அவர் கண்ணில். வசனம் என் வாயில்.

அந்த வாரம் தலைவர் பாறை மேல் நின்று கையை ஆட்டிப் பேசினார். நான் சொன்னேன்: "'நெலத்தக் குடுக்காதீங்க. ஆனா போற வார தடத்த மட்டும் யாருக்கும் அடைக்காதீங்க' அப்படீங்கறாருங்க."

அண்ணன் திரையைப் பார்த்தார். தலைவர் பேசி முடித்ததும் அவருடைய ஆட்கள் இன்னும் இரண்டு பாறையை உருட்டினார்கள்.

"ஏனுங்க தம்பி, தடத்த அடைக்காதீங்கன்னு சொல்லிப் போட்டுக் கல்ல உருட்டறாங்க?"

"அது... அது பழைய கல்லுங்க. ஓரமா எடுத்துப் போடறாங்க."

"ஓரமாவா? நடுவுல உளுவுதுங்களே."

"பத்தர், பத்தர்ன்னு சொல்றாங்க பாருங்க. பத்தர்னா கல்லு. கல்ல எடுங்கங்கறாங்க."

மறுநாள் போய்ப் பார்த்தேன். மூன்று கல்லும் நடுவில்தான் இருந்தன.

இப்படியே சில வாரங்கள். தலைவர் சாப்பிட்டால் தடத்தைப் பற்றிப் பேசினார். ஆடு மேய்த்தால் தடத்தைப் பற்றிப் பேசினார். ஒரு பெண் கிணற்றடியில் இன்னொரு பெண்ணிடம் அழுததுகூடத் தடம் அடைபட்ட கவலையால்தான். நங்கை மட்டும், "அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறாப்பல இருக்குதுங்களே," என்றது. "மாப்பிள்ளை வரத் தடம் ஓணுமில்லீங்க?" என்றேன்.

காட்டில் கிழங்கு முற்றிவிட்டது. நின்ற இடத்தில் நிற்க எனக்கு முடியவில்லை. விடிந்ததும் காட்டுக்குப் போவேன், ஒரு குச்சியை ஆட்டிப் பார்ப்பேன், மேகத்தைப் பார்ப்பேன், திரும்பி வரும்போது கற்களைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து ஆன்டெனாவைத் திருகுவேன். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போய் மறுபடி மேகத்தைப் பார்ப்பேன். மழை பிடித்துக்கொண்டால் கிழங்கில் பாயிண்ட் இறங்கிவிடும். பாயிண்ட் என்றால் மாவுச்சத்து. ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரியில் அதை வைத்துத்தான் விலை. அந்தக் கிழங்கை நம்பித்தான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டு அடுப்பு இருந்தது.

"கேட்டீங்களா?" என்பாள் மனைவி.

"வேலை நடந்துக்கிட்டு இருக்குது," என்பேன்.

அந்த ஞாயிறு தலைவர் படுக்கையில் கிடந்தார். சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். மகன் மாதிரி ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டான். தலைவர் மெதுவாக ஏதோ சொல்லிக் கண்ணை மூடினார். நாடகம் முடிந்து பெயர்கள் ஓடின.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நான் குரலைத் தாழ்த்தினேன்.

"போயிட்டாருங்க."

நங்கை, "ஐயோ சாமி!" என்றது.

"என்னமோ சொன்னாரே, என்னங்க?" என்றார் அண்ணன்.

"சாகற நேரத்துல மகங்கிட்டச் சொல்றாருங்க. 'நம்ம பங்காளிகளுக்குள்ள தடத்த அடைச்சது தப்பு. நான் போன பொறகாச்சும் கல்லத் தள்ளி உட்டுருங்க'ன்னு."

நங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக வீட்டுக்குப் போய், எழவு கேட்ட மாதிரி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. அண்ணன் நாற்காலியை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"பெரிய மனுசரு சாகறப்பச் சொன்ன வார்த்தைங்க," என்றார். "அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள பாக்கலாமுங்க தம்பி."

நான் அதை அப்படியே முடிந்த பேச்சாக எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே கிழங்கு பிடுங்கும் ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை லாரி வரச் சொல்லிவிட்டேன். மனைவி, "கல்லு இன்னும் அங்கயேதான கெடக்குது?" என்றாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ளன்னு வாக்குக் குடுத்திருக்காரு," என்றேன். "பாக்கலாம்னுதான சொன்னாரு?" என்றாள். இந்த மாதிரி நுணுக்கமெல்லாம் பார்த்தால் உலகத்தில் காரியம் நடக்குமா?

அந்த வாரம் முழுக்கக் கற்களைப் பார்க்கப் போய் வந்ததில் என் செருப்பு தேய்ந்தது. செவ்வாய்க்கிழமை கற்கள் இருந்தன. வியாழக்கிழமை நடுக்கல்லின் மேல் ஓணான் ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஆட்கள் வந்து கிழங்கைப் பிடுங்கிக் குவித்தார்கள். பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது. ஒரு நாள் தாண்டினால் உள்ளே கறுப்பு ஓட ஆரம்பிக்கும். பேக்டரிக்காரர் ஒடித்துப் பார்த்துவிட்டு ஓரமாகப் போடு என்பார். சனிக்கிழமை சாயங்காலமும் கற்கள் அங்கேயே இருந்தன. அண்ணன் வீட்டுப் பக்கம் போய்க் கேட்டுவிடலாம் என்று பாதி தூரம் போனேன். கால் திரும்பிவிட்டது. நாளைக்குத் தலைவரின் காரியம் நடக்கும், அதில் இன்னும் நாலு வார்த்தை அழுத்திச் சொன்னால் எழுந்து போய்க் கல்லைத் தள்ளிவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, வழக்கத்தைவிடக் கூட்டம். தலைவரின் சாவைப் பற்றி நங்கை வளவு முழுக்கச் சொல்லியிருந்தது. அண்ணன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். துக்கத்துக்கா, சலவை வந்த நாள் என்பதாலா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

நாடகம் ஆரம்பித்தது. மலை. மேகம். தூரத்தில் ஒரு குதிரை. குதிரை கிட்டே வந்தது. அதன் மேல் வெள்ளைத் தாடி.

நான் எழுந்து வெளியே போய் ஆன்டெனாவைத் திருகினேன். உள்ளேயிருந்து, "நல்லாத் தெரியுதுங்க, உட்டுருங்க!" என்று சத்தம் வந்தது. அதுதான் எனக்குக் கவலை. நான் விடாமல் திருகினேன். படம் இன்னும் தெளிவாகிவிட்டதாம்.

உள்ளே வந்தபோது தலைவர் குதிரையிலிருந்து குதித்து இறங்கி, பெரிய கிண்ணத்தில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் வந்து தேறினவர் மாதிரி முகம் கொஞ்சம் இளைத்திருந்தது. அவ்வளவுதான்.

"தம்பீ," என்றது நங்கை, "செத்தவரு வந்துட்டாருங்களே?"

"அது வந்துங்க... அவரோட தம்பியாட்ட இருக்குது. ஒரே மொகம்."

"அதே மரு மூக்குல இருக்குது."

"குடும்பத்துக்கே அந்த மருங்க."

அண்ணன் மெதுவாகத் திரும்பி, திரையை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, தோட்டத்துப் பக்கம் லாரி ஹாரன் அடித்தது. நீளமாக, இடைவிடாமல். டிரைவர் கற்களைப் பார்த்துவிட்டான்.

அண்ணன் எழுந்தார். நாற்காலியை மடக்கவில்லை. தடத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் நங்கை, மனைவி, வளவு முழுக்க. தலைவரை டிவியில் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

லாரி கற்களுக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. மேற்கே வானம் கருத்துக்கொண்டிருந்தது. அண்ணன் நடுக்கல்லின் மேல் ஒரு காலை வைத்து நின்றார். தாடி மட்டும்தான் இல்லை.

"ஏனுங்க தம்பி. அந்தப் பெரிய மனுசரு போன வாரம் படுத்துக்கிட்டு என்னதானுங்க சொன்னாரு?"

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல பொய்தான். ஆனால் பின்னால் கிழங்குக் குவியல் தெரிந்தது.

"தெரியாதுங்கண்ணா."

"தெரியாதுங்களா?"

"எனக்கு இந்தி தெரியாதுங்கண்ணா."

"அடக் கருமமே," என்றாள் என் மனைவி.

"அப்ப நா தலைக்குத் தண்ணி ஊத்துனது?" என்றது நங்கை.

அண்ணன் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள்.

"அப்ப தடத்த அடைக்காதீங்க, கல்லத் தள்ளி உடுங்கன்னு இத்தினி வாரமாச் சொன்னது ஆரு?"

"நாந்தாங்க." கிழங்குக் குவியலைக் கை காட்டினேன். "எனக்குத்தாங்கண்ணா தடம் ஓணும். கெழங்கு புடுங்கிக் கெடக்குது. மழை வேற வருது. போன வருசம் உங்க கொழாய ஒடைச்சதுக்கும் நான் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும். சொல்லலீங்க. கொஞ்சம் தொறந்து உடுங்கண்ணா."

அண்ணன் கல்லிலிருந்து காலை எடுத்தார். தன் வீட்டை நோக்கி நடந்தார். போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டிரைவர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கக் கியரில் கை வைத்துவிட்டான். நான் கற்களையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அவர் தோளில் கடப்பாறை இருந்தது. அதை என் கையில் கொடுத்தார். முதல் கல்லை நானே நெம்பினேன். இரண்டாவதும் புரண்டது. நடுக்கல் அசையவில்லை. அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோளைக் கொடுத்தார். கல் நகர்ந்தது. தடத்தை விட்டு வெகுதூரமில்லை. வேண்டுமானால் மறுபடி உருட்டிக்கொள்ளத் தோதான தூரத்தில் நிறுத்தினார்.

அப்புறம் லாரிக்கு முன்னால் அவரே பின்பக்கமாக நடந்தபடி, "ரைட்ல ஒடி, இன்னும் ஒடி, கொழா இருக்குது பாத்து," என்று கையைக் காட்டிக் காட்டி, குழாய் மேல் டயர் படாமல் வண்டியை என் காடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆட்கள் கூடையைத் தூக்கினார்கள். முதல் தூறல் விழுந்தது. நான் அண்ணனிடம் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். பழக்கதோஷம், தலைவர், குதிரை என்று ஏதோ ஒரு வேடிக்கைப் பேச்சு வாய்க்குள் உருண்டுகொண்டு வந்தது. அது வெளியே வருவதற்குள் அண்ணன் சொன்னார்:

"உனக்கு இந்தியுந் தெரியாது, தமிழ்ல ஒரு வார்த்தை கேக்கவுந் தெரியாது. வாய மூடிக்கிட்டுப் போயிக் கெழங்க ஏத்துடா."